பல்சார் ப்ராஜெக்ட்: காந்தப்புலத்தை எடுப்பதா, ஓட்டத்தை எடுப்பதா?

ப்ராஜெக்ட் தலைப்பு கொடுக்க வேண்டிய நேரம் நெருங்கினால் போதும், தொடக்கக் கல்லூரி மாணவர்களிடமிருந்தும் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவர்களிடமிருந்தும் ஒரே கேள்வி வந்துவிடும். "அண்ணா, பல்சார் என்று முடிவு செய்துவிட்டேன். அதன் காந்தப்புலத்தை எடுக்கவா, அது ஓடுகிற வேகத்தை எடுக்கவா?" (பெரிய நட்சத்திரம் வெடித்த பிறகு நடுவில் மிஞ்சி, வேகமாகச் சுழன்றபடி துடிப்பு துடிப்பாக ரேடியோ அலை அனுப்பும் நியூட்ரான் நட்சத்திரம்தான் பல்சார்.) நடுவில் வேலைக்குப் போகிறவர் ஒருவர், "வீட்டிலேயே ஆன்டெனா வைத்துப் பிடிக்க முடியாதா?" என்று கேட்பார். அவருக்கும் கடைசியில் பதில் இருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு ஓட்டம்தான் நல்ல தேர்வு. காந்தப்புலம் சுலபமாகத் தெரியும், ஆனால் அந்தச் சுலபம்தான் பிறகு கழுத்தைப் பிடிக்கும். இரண்டும் ஒட்டிக்கொள்ளும் ஓர் இடமும் இருக்கிறது, கொஞ்சம் துணிச்சல் உள்ளவர்களுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடச் சுவையானது.

## எதை வைத்து எடை போடுவது

நான் பார்ப்பது நான்கு விஷயங்களை. உங்கள் கையில் கிடைக்கும் எண்ணில் எவ்வளவு உண்மையான அளவீடு, எவ்வளவு அனுமானம் என்பது முதலாவது. தரவு இலவசமாக, சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே கிடைக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவது, வேலை எந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும் என்பது. தொடக்கத்தில் சிக்கினால் ஆசிரியரிடம் கேட்கலாம், முடிவில் சிக்கினால் அறிக்கையே போய்விடும். நான்காவதுதான் முக்கியம்: பிரசென்டேஷன் அன்று எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்கும் இரண்டாவது கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்குமா? முதல் கேள்வியை எல்லோரும் தயார் செய்துகொண்டுதான் வருவார்கள்.

மதிப்பெண், "புதுமை" இவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பள்ளி அளவில் யாரும் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கப் போவதில்லை, சரியாகச் செய்தாலே பெரிய விஷயம்.

## காந்தப்புலம்

இங்கே செய்முறை மிகச் சிறியது. ஆஸ்திரேலியாவின் ஏடிஎன்எஃப் பல்சார் பட்டியலைத் திறக்கிறீர்கள். அதில் 3000-க்கும் மேற்பட்ட பல்சார்கள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குச் சுழற்சிக் காலமும், அந்தக் காலம் நொடிக்கு நொடி எவ்வளவு நீள்கிறது என்ற எண்ணும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள், வர்க்கமூலம் எடுங்கள், 3.2 × 10¹⁹ ஆல் பெருக்குங்கள். பல்சாரின் மேற்பரப்புக் காந்தப்புலம் காஸ் அலகில் வந்துவிடும்.

நண்டு நெபுலாவில் இருக்கும் பல்சார் 33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சுழல்கிறது, அதற்கு ஏறக்குறைய 3.8 × 10¹² காஸ். வேலா என்ற இன்னொரு பிரபலப் பல்சாருக்கு 3.4 × 10¹². நாம் நிற்கிற சிங்கப்பூர் மண்ணில் பூமியின் காந்தப்புலம் அரை காஸ்கூட இல்லை. சில மில்லிசெகண்டிலேயே ஒரு சுற்று முடிக்கும் மில்லிசெகண்டு பல்சார்களுக்கு 10⁸, 10⁹ என்று இறங்கும், மேக்னட்டார் எனப்படும் மிக வலுவான புலம் கொண்ட நியூட்ரான் நட்சத்திரங்களுக்கு 10¹⁴, 10¹⁵ வரை ஏறும். இந்த எண்களை வைத்து ஒரு வரைபடம் போட்டால், சாதாரணப் பல்சார்கள் ஒரு பெரிய திட்டாகவும், மில்லிசெகண்டு பல்சார்கள் கீழே தனித் தீவாகவும் தெரியும். பார்க்க அழகாக இருக்கும். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் சனிக்கிழமை காலையில் ஆரம்பித்து ஞாயிறு இரவுக்குள் படம் தயார்.

மறைமுகச் செலவு அங்கேதான் தொடங்குகிறது. படம் வந்துவிட்டது, அப்புறம்? மீதி நான்கு மாதத்துக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பலர் விழிப்பார்கள். அதைவிடப் பெரியது, அந்த எண் அளவீடே இல்லை. பல்சார் வெற்றிடத்தில் சுழலும் ஒரு காந்தத் துண்டு, அதன் ஆரம் 10 கிலோமீட்டர், நிலைமத் திருப்புத்திறன் 10⁴⁵ கிராம் சென்டிமீட்டர் வர்க்கம், காந்த அச்சு சுழல் அச்சுக்குச் செங்குத்து, வேகம் குறைவதற்கு வேறு எந்தக் காரணமும் இல்லை, இத்தனையையும் ஒத்துக்கொண்டால்தான் 3.2 × 10¹⁹ என்ற எண்ணுக்கு அர்த்தம். அதுவும் நடுக்கோட்டுப் புலம், துருவத்தில் இரண்டு மடங்கு. எந்த நட்சத்திரமும் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்வதில்லை. பல்சாரைச் சுற்றி வெற்றிடமும் கிடையாது, மின்னூட்டத் துகள்கள் நிறைந்த பிளாஸ்மாதான் இருக்கிறது.

எக்ஸ்-கதிர் இரட்டை நட்சத்திரமான ஹெர்குலிஸ் எக்ஸ்-1-இல் 1976-இல் நிறமாலைக் கோட்டை வைத்துப் புலத்தை நேரடியாகவே கணித்தார்கள். சாதாரண ரேடியோ பல்சாருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே, "இந்த எண் சரியா என்று எப்படிச் சோதித்தீர்கள்?" என்பதுதான் அந்த இரண்டாவது கேள்வி.

ஒரு சோதனை செய்யலாம். அதே இரண்டு எண்களிலிருந்து பல்சாரின் வயதையும் கணிக்கலாம்: சுழற்சிக் காலத்தை, நீளும் வீதத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். நண்டு பல்சாருக்கு 1260 ஆண்டு வரும். ஆனால் அது பிறந்த சூப்பர்நோவா வெடிப்பைச் சீனர்கள் 1054-லேயே பார்த்துக் குறித்து வைத்துவிட்டார்கள், ஆக உண்மை வயது ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வேகம் குறையும் விதத்தைக் காட்டும் குறியெண், காந்தத் துண்டுக் கணக்குப்படி 3 இருக்க வேண்டும். நண்டு பல்சாரில் 2.5, வேலாவில் 1.4 சுமார். இந்த முரண்பாட்டையே ப்ராஜெக்ட்டாக எடுத்தால் காந்தப்புலம் நல்ல தேர்வுதான். "எல்லாப் பல்சார்களுக்கும் புலம் கண்டுபிடித்தேன்" என்று எடுத்தால் சொத்தை.

நேரம் குறைவாக இருந்தால், குழுவில் ஒருவருக்காவது நிரல் எழுத வரும் என்றால், ஆசிரியருக்கு வானியல் அவ்வளவாகத் தெரியாது என்றால் இதை எடுங்கள். தேசிய சேவைக்குப் போவதற்கு முன்னால் கிடைத்த இடைவெளியில் ஏதாவது செய்து பார்க்க நினைக்கும் பையன்களுக்கும் இது ஒத்துவரும்.

## ஓட்டம்

பல்சார்கள் பிறக்கும்போதே உதை வாங்கிக்கொண்டு பிறக்கின்றன. சூப்பர்நோவா வெடிப்பு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நடக்காததால் நடுவில் மிஞ்சும் நியூட்ரான் நட்சத்திரம் ஒரு பக்கமாகத் தூக்கி எறியப்படுகிறது. 2005-இல் ஹாப்ஸும் அவரது குழுவினரும் 233 பல்சார்களின் நகர்வைத் தொகுத்தபோது, பிறக்கும்போதைய சராசரி வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் என்று வந்தது. அதே ஆண்டு பி1508+55 என்ற பல்சார் நொடிக்கு ஏறத்தாழ 1080 கிலோமீட்டர் வேகத்தில் போவதை அமெரிக்காவின் விஎல்பிஏ தொலைநோக்கிகள் அளந்தன. அது நம் பால்வீதியை விட்டே போய்விடும்.

கணக்கு இதுவும் சின்னதுதான். வானத்தில் ஆண்டுக்கு எத்தனை மில்லி ஆர்க்செகண்டு (ஒரு பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) நகர்கிறது என்பதைத் தூரத்தால் (கிலோபார்செக்கில், அதாவது ஏறக்குறைய 3260 ஒளியாண்டு அலகில்) பெருக்கி, 4.74 ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வரும். வேலா ஆண்டுக்கு 58 மில்லி ஆர்க்செகண்டு நகர்கிறது. அது எவ்வளவு சின்னக் கோணம் என்றால், உட்லண்ட்ஸில் நின்றுகொண்டு ஜொகூரின் குளுவாங்கில் வைத்த ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தைப் பார்த்தால் அதன் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும். அதை அளந்திருக்கிறார்கள் என்பதுதான் இந்தத் தலைப்பின் பலம். யாரும் அனுமானித்த எண் இல்லை, ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்து எடுத்த கோணம்.

இங்கேயும் ஓட்டைகள் உண்டு, ஆனால் அவை வெளிப்படையான ஓட்டைகள். முதலாவது தூரம். பல பல்சார்களுக்குத் தூரம் நேரடியாகத் தெரியாது. ரேடியோ அலை வழியில் எத்தனை எலக்ட்ரான்களைக் கடந்து வந்தது என்பதை வைத்து, பால்வீதியின் எலக்ட்ரான் பரவலுக்கு ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு கணிக்கிறார்கள். என்இ2001 என்ற மாதிரி ஒரு தூரம் சொல்லும், ஒய்எம்டபிள்யூ16 வேறு சொல்லும், சில பல்சார்களுக்கு இரண்டு மடங்கு வித்தியாசம்கூட வரும். வேகமும் அதே அளவு மாறும். இரண்டாவது, சூரியனும் சும்மா நிற்கவில்லை. வேலாவுக்கு மேலே சொன்னபடி பெருக்கினால் நொடிக்கு 79 கிலோமீட்டர் வரும், சூரியனின் ஓட்டத்தையும் பால்வீதியின் சுழற்சியையும் கழித்தால் 61 சுமார். இந்தத் திருத்தத்தை மறந்துவிட்டு அறிக்கை எழுதுகிறவர்கள்தான் அதிகம். மூன்றாவது, நம்மை நோக்கி வருகிறதா விலகிப் போகிறதா என்ற திசையின் வேகம் பல்சாருக்குக் கிடைக்காது. மூன்றில் இரண்டு திசைதான் நம் கையில்.

இத்தனை ஓட்டைக்கும் கணக்கில் வழி இருக்கிறது. பிழை எவ்வளவு என்று சொல்ல முடியும், படத்தில் பிழைக்கோடு போட முடியும், பிசகு எந்தப் பக்கம் இழுக்கும் என்று வாதாட முடியும். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது. காந்தப்புலத்தில் இந்த வசதி இல்லை. அங்கே பிழை எண்ணில் இல்லை, எடுத்துக்கொண்ட கருத்தில் இருக்கிறது.

ஓட்டத்துக்கு இன்னொரு லாபம், அது காந்தப்புலக்காரர்களையே மாட்டிவிடும். ஜே0538+2817 என்ற பல்சாரின் சுழற்சியை வைத்துக் கணித்தால் வயது ஆறு லட்சம் ஆண்டு. அது எஸ்147 என்ற சூப்பர்நோவா எச்சத்துக்குள் இருக்கிறது. நகரும் திசையைப் பின்னோக்கி நீட்டி, எச்சத்தின் நடுவிலிருந்து இங்கே வர எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று பார்த்தால் 30 ஆயிரம், 40 ஆயிரம் ஆண்டுதான். அது பிறக்கும்போதே ஏறக்குறைய இப்போதைய வேகத்தில்தான் சுழன்றிருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் கணக்கு சரியாகிறது. ஒரு மாணவர் இதை மறுபடியும் செய்துகாட்டி, இரண்டு வயதும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று விளக்கினாலே அறிக்கை எழுந்து நிற்கும்.

செலவு நேரம்தான். நகர்வு தெரிந்தவை சில நூறு மட்டும், ஒவ்வொன்றின் தூரமும் எந்த முறையில் வந்தது என்று பார்க்க வேண்டும், இடமாறு கோணத்தால் (பூமி சூரியனைச் சுற்றும்போது பல்சார் வானில் இடம் மாறுவது போலத் தெரியும் கோணம்) தூரம் கிடைத்தவற்றைத் தனியே பிரிக்க வேண்டும். 2017-இல் வெர்பண்ட் குழுவினர் துல்லியமான 28 பல்சார்களை மட்டும் எடுத்து, வேகங்கள் ஒரே கூட்டமாக இல்லை, மெதுவான கூட்டம், வேகமான கூட்டம் என்று இரண்டாகப் பிரித்தால் நன்றாகப் பொருந்துகிறது என்றார்கள். குறைவான, சுத்தமான தரவு நிறைய அழுக்குத் தரவை வெல்லும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் மாணவர்களுக்குக் கிடைக்காது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | காந்தப்புலம் | ஓட்டம் | இரண்டும் சேர்த்து |
|---|---|---|---|
| அடிப்படைத் தரவு | சுழற்சிக் காலம், அது நீளும் வீதம் | வானில் நகரும் கோணம், தூரம் | எல்லாமே |
| எத்தனை பல்சார் | ஆயிரக்கணக்கில் | சில நூறு | பத்து இருபது போதும் |
| முதல் படம் | ஒரு வார இறுதி | சில வாரம் | சில வாரம் |
| பலவீனம் | எடுகோள்கள் | தூரம் | தூரம், பிழை பெருகுவது |
| கணக்கு | வர்க்கமூலம் | ஆயத்தொலை மாற்றம், புள்ளியியல் | இரண்டும் |
| யாருக்கு | நேரம் இல்லாதவர் | பொறுமை உள்ளவர் | இயற்பியலில் பிடிப்பு உள்ளவர் |

## ஒரு பொறி

இரண்டையும் வைத்திருக்கிறவர்களுக்கு உடனே வரும் ஆசை ஒன்று உண்டு. புலம் ஒரு அச்சில், வேகம் இன்னொரு அச்சில், தொடர்பு இருக்கிறதா பார்ப்போம்! செய்யாதீர்கள். 1980-களிலேயே வலுவான புலம் உள்ளவை வேகமாக ஓடுகின்றன என்று ஆண்டர்சன், லைன் போன்றவர்கள் கண்டார்கள், பெரிய பேச்சாகவும் இருந்தது. பிறகு அதிகத் தரவு வந்தபோது தொடர்பு கரைந்துவிட்டது. வேகமான பல்சார் சீக்கிரமே பால்வீதித் தட்டை விட்டுத் தூரம் போய்விடும், ஒளி மங்கியது பட்டியலிலேயே சேராது, இப்படிக் கண்ணுக்கு மாட்டியதை மட்டும் எண்ணினால் இல்லாத தொடர்பும் தெரியும். இந்தத் தேர்வுப் பிசகை ஒழுங்காகக் கையாள ஒரு முழுப் பல்சார் கூட்டத்தையே கணினியில் உருவாக்கிப் பார்க்க வேண்டும், அது முதுகலை வேலை.

## இரண்டும் ஒட்டும் இடம்

நான் துணிச்சல் உள்ளவர்களுக்கு என்று சொன்னது இதைத்தான். ஒரு பல்சார் நம் பார்வைக்குக் குறுக்கே ஓடும்போது அது நம்மைவிட்டு விலகும் வேகம் மெல்லக் கூடிக்கொண்டே போவதால், அதன் சுழற்சிக் காலம் உண்மையில் நீளாவிட்டாலும் நீள்வது போலத் தெரியும். ஷ்க்ளோவ்ஸ்கி விளைவு என்பார்கள். சாதாரணப் பல்சாரில் இது ஒன்றுமே இல்லை. மில்லிசெகண்டு பல்சாரில் கதை வேறு.

ஜே0437-4715-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மிக அருகே இருக்கும் மில்லிசெகண்டு பல்சார், 157 பார்செக், சுழற்சி 5.757 மில்லிசெகண்டு. ஆண்டுக்கு 141 மில்லி ஆர்க்செகண்டு நகர்கிறது. பட்டியலில் காலம் நீளும் வீதம் 5.7 × 10⁻²⁰. ஓட்டத்தால் மட்டும் வருவது எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால் 4.4 × 10⁻²⁰! நான்கில் மூன்று பங்கு போலி. அதைக் கழித்தால் காந்தப்புலம் 5.8 × 10⁸ காஸிலிருந்து 2.8 × 10⁸-க்கு இறங்குகிறது, வயதோ 160 கோடி ஆண்டிலிருந்து 670 கோடிக்கு ஏறுகிறது. ஓட்டத்தைப் பார்க்காமல் புலத்தைச் சொன்னவர் பாதிக்குப் பாதி தப்பு.

மில்லிசெகண்டு பல்சார்களுக்குப் புலம் ஏன் இவ்வளவு குறைவு என்பதும் நல்ல கதை. துணை நட்சத்திரத்திடமிருந்து பொருளை இழுத்து மறுபடி வேகம் பிடித்த பழைய பல்சார்கள் இவை என்று 1982-லேயே எழுதியவர்களில் வி. ராதாகிருஷ்ணனும் ஜி. ஸ்ரீனிவாசனும் உண்டு. ராதாகிருஷ்ணன் தண்டையார்பேட்டையில் பிறந்தவர், சர் சி. வி. ராமனின் மகன். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் வேலாவின் முனைவாக்கத்தை (அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை) பார்த்து, காந்தத் துருவம் நம் பார்வையைக் கடக்கும்போது அலையின் கோணம் எப்படித் திரும்பும் என்று 1969-இல் குக் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து சொன்னதும் அவர்தான். அந்தக் கோணத்தையும் ஓட்டத்தின் திசையையும் ஒப்பிடுவது இன்னொரு தலைப்பு. பார்க்ஸின் பழைய தரவுகள் 18 மாதம் கழிந்ததும் பொதுவில் கிடைக்கும், ஆனால் அந்தத் தரவை அலச உதவும் பிஎஸ்ஆர்கைவ் மென்பொருளை லினக்ஸில் நிறுவவே பாதி விடுமுறை போகும். பல்கலைக்கழக இறுதியாண்டுக்கு மட்டும்.

## சரி, வீட்டில் ஆன்டெனா?

மேலே சொன்ன எந்தக் கேள்விக்கும் இது பதில் தராது, காந்தப்புலமும் வராது, ஓட்டமும் வராது. "பல்சாரை நானே பிடித்தேன்" என்ற சந்தோஷம்தான் வரும். அது போதும் என்றால் நம் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு ஒட்டி இருப்பதால், தெற்கே பிரகாசமான வேலாவும் (உச்சத்தில் 43 பாகை உயரம்) வடக்கே பிரகாசமான பி0329+54-உம் (37 பாகை) இரண்டுமே தெரியும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இருக்கும் அமெச்சூர்களுக்கு வேலா கிடைக்காது. ரேடியோ என்பதால் மேகமும் பகல் வெளிச்சமும் பிரச்சினை இல்லை.

பிரச்சினை மற்றதெல்லாம். 400 மெகாஹெர்ட்ஸ் பக்கம் வாக்கிடாக்கி, தொலைக்கட்டுப்பாடு, பக்கத்து வீட்டு எல்இடி விளக்கு என்று இரைச்சல் நிறைந்திருக்கும். வீவக வீட்டுச் சன்னலுக்கு வெளியே கம்பம் நீட்டினால் நகர மன்றத்திலிருந்து கடிதம் வரும், கீழே விழுந்தால் அது வேறு வழக்கு. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள் இடி இடிக்கிற ஊரில் கூரை மேல் உலோகம் வைப்பதையும் யோசியுங்கள். ஒரு பள்ளி மொட்டை மாடி, பாதுகாப்பாளரின் அனுமதி, நீளமான யாகி ஆன்டெனாக்கள் நான்கு, நல்ல முன்பெருக்கி, கணினியில் செருகும் ரேடியோ வாங்கியான ஆர்டிஎல்-எஸ்டிஆர் ஒன்று, இவை இருந்தால் முயற்சி செய்யலாம். சாமான்களில் பெரும்பாலானவை சிம் லிம் டவரிலும் இணையத்திலும் கிடைக்கும். நான்கு மணி நேரம் பதிவு செய்து, பதிவை 0.7145 நொடித் துண்டுகளாக (அதன் சுழற்சிக் காலம்) வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து மடித்துக் கூட்டினால் பி0329+54 இரைச்சலுக்கு மேலே தலைகாட்ட வேண்டும்.

முதலில் வேலாவுக்குப் போகாதீர்கள். அது வலுவானதுதான், ஆனால் வழியில் எலக்ட்ரான்கள் அதிகம், அவற்றால் குறைந்த அலைவரிசை கூடுதலாகத் தாமதமாகும், 400 மெகாஹெர்ட்ஸில் 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை அப்படியே கூட்டினால் துடிப்பு ஏறக்குறைய 18 மில்லிசெகண்டு அகலத்துக்குப் பூசிக்கொள்ளும், துடிப்பின் சொந்த அகலமோ 2 மில்லிசெகண்டு. அலைவரிசையைச் சிறு சிறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தாமதத்தையும் சரிசெய்து கூட்டத் தெரிந்த பிறகு அதற்குப் போங்கள்.